அச்சின் பிழையா, அடியின் பிழையா?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டினாற்போல் அமைந்திருப்பது எங்கள் திருப்புட்குழி. ஜடாயு என்னும் புள்ளுக்கு இராமர் ஈமக்கடன் செய்த குழி என்று இவ்வூர்த் தலபுராணம் பெயர்க்காரணம் கூறும். யாதவப்பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்டதும், ஆசிரியரின் விளக்கத்தை மாணவர் மறுத்துரைத்ததும் இங்குதான் என்பர். வைணவப் பெருமக்கள் தேடி வரும் இந்த ஊரில்தான் நான் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வருகிறேன். காலையில் பிள்ளைகள் ஓதும் ஓசையும், தெருவில் தறியின் ஓசையும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும்.

மதரஸாவில் ஓதி முடித்தபின் கல்லூரியில் வரலாறு படித்துப் பி.ஏ. பட்டமும் பெற்றவன் நான். அந்தப் பட்டத்தால் எனக்கு ஊதியம் உயரவில்லை. ஆனால் ஒரு பெயர் கிடைத்தது. யார் வீட்டுப் பரணில் பழங்காசு அகப்பட்டாலும், "எழுத்து அரபியில் இருக்கிறது, ஹஜ்ரத்திடம் காட்டுங்கள்" என்று என்னிடம் அனுப்பி விடுவார்கள். உண்மையில் அந்த எழுத்துக்களில் பெரும்பாலானவை அரபி மொழியல்ல, பாரசீகம். ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்களில் ஆங்கிலத்தோடு, 'யக் ரூபியா' அதாவது ஒரு ரூபாய் என்று பாரசீகத்திலும் பொறித்திருப்பார்கள். ஆற்காட்டு ரூபாய் என்றால் முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர் இருக்கும். அவர் கொல்லப்பட்டது 1759-ஆம் ஆண்டு. அதன் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஹிஜ்ரி 1172 என்ற அதே ஆண்டைப் பொறித்தே கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் காசு அடித்துக் கொண்டிருந்தார்கள். இத்தகைய செய்திகளை நான் சொல்லும்போது கேட்பவர்கள் வியப்பார்கள். அந்த வியப்பு எனக்கும் இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. இனித்ததன் விலை என்னவென்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

பதினொரு ரூபாய்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். எங்கள் மாணவன் ஒருவனின் பாட்டியார் ஒரு துணி முடிச்சோடு வந்தார். அறுபதைக் கடந்தவர், விதவை. அவருடைய கணவர் பட்டுச்சேலைத் தறிகளுக்கு ஜக்கார்டு அட்டை குத்தும் தொழில் செய்தவர். முடிச்சை அவிழ்த்தார். 11 வெள்ளி ரூபாய்கள். பேத்தியின் நிக்காஹ் நெருங்கிக் கொண்டிருந்தது. நகைக்கடைக்காரர் ஒருவர் எடைக்கு விலை பேசியிருக்கிறார். கொடுப்பதற்கு முன் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளலாம் என்று வந்ததாகச் சொன்னார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தும் வழக்கமானவை. பதினொன்றாவது 1918-ஆம் ஆண்டு ரூபாய். அதன் ஆண்டு இலக்கங்கள் இரட்டையாகத் தெரிந்தன. எட்டின் அருகில் இன்னோர் எட்டின் நிழல். என் நெஞ்சு துள்ளியது. அமெரிக்காவில் 1955-இல் இரட்டை எழுத்தோடு வெளிவந்த செப்புக்காசு ஒன்று பெரும் விலைக்குப் போவதைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். அவ்வளவுதான் என் ஞானம். அதை வைத்துக்கொண்டு உறுதியான குரலில் சொன்னேன்: "அம்மா, இது அச்சுப் பிழையோடு வந்த அபூர்வ நாணயம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இது ஒன்றே பல்லாயிரம் பெறும்."

அவர் என் சொல்லை நம்பினார். ஹஜ்ரத் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? நகைக்கடைக்காரருக்கு இல்லையென்று சொல்லிவிட்டு, காசு விற்றதும் தருவதாகக் கூறி உறவினர் ஒருவரிடம் கைமாற்று வாங்கிக் கல்யாண மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டார். இதை நான் பிறகே அறிந்தேன்.

சென்னையில் கிடைத்த பாடம்

இரண்டு வாரம் கழித்து அந்த நாணயத்தோடு சென்னைக்குப் போனேன். பழைய நாணய வணிகர் ஒருவர், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்சைக் கண்ணில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் இழுப்பறையிலிருந்து ஒரு பிடி வெள்ளி ரூபாய்களை எடுத்து மேசைமேல் பரப்பி, லென்சை என்னிடம் கொடுத்தார். "நீங்களே பாருங்கள், ஹஜ்ரத்."

பார்த்தேன். ஒன்றில் ஆண்டு மட்டும் இரட்டையாக இருந்தது. இன்னொன்றில் பூவேலைப்பாட்டின் இலைகள் இரட்டையாக இருந்தன. ஒன்றின் நிழல் வலப்புறம் சாய்ந்திருந்தது, மற்றொன்றினது கீழ்ப்புறம். எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. "இவையெல்லாம் எடைக்கு வாங்கியவை" என்றார் அவர். என் காதுகள் சூடேறின. அவர் பொறுமையாக விளக்கியதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். நம் வீடுகள் பலவற்றில் இத்தகைய காசுகள் இருக்கின்றன, யாருக்கேனும் பயன்படக்கூடும்.

காசு எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். உருவம் மேடாக அமைந்த எஃகுத் தாய் அச்சு ஒன்று இருக்கும். அதை இன்னோர் எஃகுத் துண்டில் அழுத்தினால் உருவம் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ள அச்சுதான் காசை அடிக்கும் அச்சு. ஒரே அழுத்தலில் உருவம் முழுமையாகப் பதியாது. அழுந்திய எஃகு இறுகிவிடும். ஆகவே அதைக் காய்ச்சி இளக்கி, இரண்டாம் முறையும் அழுத்துவது பழைய நாணயச் சாலைகளின் வழக்கம். அந்த இரண்டாம் அழுத்தலில் தாய் அச்சு ஒரு மயிரிழை விலகிவிட்டால், பள்ள அச்சிலேயே எழுத்துக்கள் இரட்டையாகப் பதிந்துவிடும். அப்புறம் அந்த அச்சு அடிக்கும் ஆயிரமாயிரம் காசுகளிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். இதுதான் மெய்யான இரட்டை அச்சுப் பிழை.

இன்னொன்று உண்டு. அச்சில் பிழையே இராது. ஆனால் அது எந்திரத்தில் சற்றுத் தளர்ந்து பொருத்தப்பட்டிருக்கும். காசை அடித்து மேலெழும் நேரத்தில் கொஞ்சம் அசைந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துத் தட்டையாக்கிவிடும். பார்ப்பதற்கு இதுவும் இரட்டை எழுத்துத்தான். ஆனால் இது அந்த ஓர் அடியின் பிழை. இவ்வகைக் காசுகள் ஏராளம். இவற்றுக்குத் தனி விலை கிடையாது. என்னிடம் வந்த 1918-ஆம் ஆண்டு ரூபாய் இந்த வகை.

அந்த ஆண்டின் கதையையும் சொல்ல வேண்டும். முதல் உலகப்போரின் இறுதியில் இந்தியாவில் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. காகிதப் பணத்தைக் கொண்டுவந்து வெள்ளி ரூபாய் கேட்டவர்களுக்குக் கொடுக்க ரூபாய் இல்லை. அமெரிக்கா 1918-இல் தனிச்சட்டம் இயற்றி, தன் கருவூலத்திலிருந்த வெள்ளி டாலர்களில் சுமார் 26 கோடியை உருக்கிப் பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி இங்கே ரூபாயாக மாறியது. கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய காலத்துக் காசில் அசைவின் தழும்பு இருப்பதில் வியப்பில்லை.

இனங்காணும் வழிகள்

ஒன்று: நிழல் எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள். மெய்யான இரட்டை அச்சில் இரண்டு உருவங்களும் மேடாக, உருண்டு திரண்டு இருக்கும். அடியின் பிழையில் இரண்டாவது உருவம் தாழ்ந்து, படிக்கட்டுப் போலத் தட்டையாக, பளபளப்பாகத் தெரியும்.

இரண்டு: எழுத்தின் பருமனை அளந்து பாருங்கள். அச்சிலேயே இரட்டித்தால் எழுத்து தடிக்கும். அசைவால் இரட்டித்தால், இருந்த எழுத்தே தேய்ந்து நிழலாவதால் மூல எழுத்து மெலியும். முன்னது கூட்டும், பின்னது குறைக்கும்.

மூன்று: எழுத்துக்களின் முனைகளையும் மூலைகளையும் பாருங்கள். மெய்யானதில் அங்கே சிறு பிளவு, அம்பின் வால்போலத் தென்படும்.

நான்கு: தேய்ந்த அச்சு தரும் மயக்கத்துக்கு இடம் கொடாதீர்கள். நெடுநாள் அடித்து ஓய்ந்த அச்சில் எழுத்துக்கள் விளிம்பு நோக்கிக் கரைந்து வீங்கி, இரட்டைபோல் காட்டும். அதுவும் அபூர்வமன்று.

ஐந்து: கையால் சம்மட்டி கொண்டு அடித்த பழைய காசுகளில் ஒரே காசு இருமுறை அடி வாங்கியிருப்பது சாதாரணம். அது இருமுறை அடித்த காசே தவிர, இரட்டை அச்சு அன்று.

ஆறு: எல்லாவற்றிலும் பெரிய சான்று, அதன் உடன்பிறப்பு. அச்சின் பிழை என்றால் அதே பிழையோடு இன்னொரு காசு எங்கேனும் இருந்தே தீரும். அப்படி ஒன்றைக் காணும்வரை தீர்ப்பைத் தள்ளி வையுங்கள்.

முன்னர்ச் சொன்ன 1955-ஆம் ஆண்டுக் காசு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிலடெல்பியா நாணயச் சாலையில் இரட்டித்த அச்சு ஒன்று வேலைக்குப் போய்விட்டது. கண்டுபிடிப்பதற்குள் அது அடித்த காசுகள் நல்ல காசுகளின் குவியலில் கலந்துவிட்டன. குவியல் முழுவதையும் உருக்க மனமில்லாமல் அப்படியே வெளியே விட்டார்கள். 20,000-க்கும் மேற்பட்ட காசுகள் மக்கள் கைக்குப் போயின. 25 சென்ட் போட்டால் 23 சென்ட் விலையுள்ள சிகரெட் பெட்டி தரும் எந்திரங்களில், பெட்டியோடு சேர்த்து வைத்த 2 சென்ட் சில்லறையாகப் பல காசுகள் வெளிப்பட்டன. அத்தனை காசிலும் ஒரே இரட்டிப்பு. லென்சு இல்லாமலே தெரியும். அதே ஆண்டில் தேய்ந்த அச்சினால் கடைசி ஐந்து மட்டும் நிழலாடும் காசுகளும் உண்டு. அவற்றுக்கு 'ஏழையின் இரட்டை அச்சு' என்று கேலிப்பெயர். விவரம் அறியாதவரிடம் அதையே பெரிய விலைக்கு விற்பாரும் உண்டு. 1969-ஆம் ஆண்டுக் காசில் வேறொரு வேடிக்கை. அவ்வாண்டின் இரட்டைக் காசைச் சிலர் கள்ளத்தனமாகச் செய்து பிடிபட்டதால், சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த மெய்யான இரட்டைக் காசுகளையும் அரசாங்கத்தார் கள்ளக்காசு என்று முதலில் பறிமுதல் செய்தார்கள். அறிந்தவர்களே தடுமாறும் துறை இது. நானோ ஒரு பார்வையில் தீர்ப்பளித்தேன்.

நம் நாட்டு நாணய வரலாற்றிலும் மூலத்தில் நேர்ந்த பிழை ஒன்று நம் சமுதாயத்தைத் தொட்டது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய் வெளிவந்தபோது, அவர் அங்கியின் சங்கிலியில் இருந்த யானை பன்றியைப் போலத் தோன்றியது. முஸ்லிம்களிடையே பெரும் மனக்கசப்பு எழுந்தது. அடித்தவை சுமார் 94 லட்சம். வெளியே சென்றவை சுமார் 7 லட்சம். எஞ்சியவற்றை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி வரைந்து வெளியிட்டார்கள். செதுக்கியவரின் கையில் நேர்ந்த சிறு பிழை, அத்தனை லட்சம் காசிலும் ஏறிவிட்டது.

"அட்டையிலா, கையிலா?"

சென்னையிலிருந்து திரும்பும் பேருந்தில் என் மனம் ஒரு நிலையில் இல்லை. 'விலை படியவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பெயரும் காயப்படாது, பொய்யும் ஆகாது என்று நஃப்ஸ் ஓதியது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்ததும் உள்ளே ஈரமுமாக இருந்ததைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை, அந்த வாரம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். விற்கும் பொருளின் 'ஐபு' எனும் குறையை வாங்குபவருக்கு மறைப்பது கூடாது என்பது நம் வணிகச் சட்டம். நாணயத் துறையில் இது தலைகீழாக நிற்கிறது. அங்கே குறைக்குத்தான் விலை. ஆகவே, இல்லாத குறையை இருப்பதாகச் சொல்வதே அங்கு மோசடி. நான் அறியாமல் அதைச் செய்திருந்தேன். அறிந்தபின் மௌனம் காத்தால் அது வேறு கணக்கு.

மறுநாள் அந்த அம்மையாரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாய் அச்சு, பள்ள அச்சு, எந்திரத்தின் அசைவு என்று நான் நீட்டி முழக்கியபோது அவர் குறுக்கிட்டார்:

"பிழை அட்டையிலா, கையிலா என்று கேட்கிறீர்கள். அவ்வளவுதானே, ஹஜ்ரத்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தவறிக் குத்தப்பட்டால், அந்த அட்டை ஓடும் சேலையில் ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் அதே பிழை விழும். அடுத்த சேலையிலும் விழும். நெய்பவர் கை தவறினால், இழை அறுந்தால், அந்த ஓரிடத்தோடு போய்விடும். "எங்கள் வீட்டுக்காரர் ஒரு பிழையைப் பார்த்தால் திட்ட மாட்டார். அடுத்த புட்டாவைப் பார் என்பார். அங்கேயும் இருந்தால் தம்முடைய பிழை என்று அட்டையைக் கழற்றுவார்."

சென்னையில் அரை நாள் கேட்டு நான் புரிந்துகொண்டதை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "நகைக்கடைக்காரர் இன்னும் அதே விலை தருவாரா?" தரவில்லை. இடையில் வெள்ளி விலை இறங்கியிருந்தது. அந்த ரூபாய் ஒன்றின் எடை 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். அந்தக் கணக்கில் 11 ரூபாயையும் போட்டோம். முதலில் பேசிய தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் இருந்த வித்தியாசத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். வாங்க மறுத்தார். பேத்தியின் நிக்காஹ் அன்று அதே தொகையை அன்பளிப்பாக வைத்தேன். உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தவர், "கணக்குச் சரியாக இருக்கிறது, ஹஜ்ரத்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இரு எச்சரிக்கைகள்

வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது: பழங்காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். மெய்யாகவே அபூர்வமான காசு கிடைத்தாலும், துலக்கிய காசுக்குச் சேகரிப்பாளர் மதிப்பளிப்பதில்லை. இரண்டாவது: 'பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று அழைப்போரை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இது நடந்ததால், தாங்கள் இத்தகைய வாணிபத்தில் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அவ்வங்கி அறிவிக்க வேண்டியதாயிற்று. 786 என்ற எண்ணுள்ள நோட்டுக்குப் பெருவிலை என்று நம் வீடுகளையே குறிவைத்துப் பேசுவோரும் உண்டு. அரிசியை இழுக்கும் காசு என்று ஏமாற்றுவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆசை எந்தக் காசையும் அபூர்வமாக்கிக் காட்டும்.

எனக்கு நானே சொல்லிக்கொள்வது வேறொன்று. வகுப்பில் ஒரு பிள்ளை 'ளாத்' எழுத்தைத் தவறாக உச்சரித்தால் அது அந்தப் பிள்ளையின் நாக்கு. வகுப்பு முழுவதும் ஒரே விதமாகத் தவறினால், அது உஸ்தாதின் நாக்கு. ஆசிரியன் அச்சைப் போன்றவன். அவனது பிழை அவனோடு நிற்பதில்லை. தம்மிடம் வந்த கேள்விகள் பலவற்றுக்கு இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் 'தெரியாது' என்றே விடை தந்தார்கள் என்பதை மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். நானும் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று அந்த ஒரு சொல் என் நாவில் வந்திருந்தால், ஓர் ஏழை வீட்டில் இரண்டு வாரம் வீண் நம்பிக்கை குடியிருந்திராது.

இப்போதும் காசு கொண்டு வருகிறார்கள். மேசை இழுப்பறையில் ஒரு லென்சு வாங்கி வைத்திருக்கிறேன். பாரசீக எழுத்தைப் படித்துச் சொல்கிறேன், ஆண்டைச் சொல்கிறேன். சென்ற மாதம் ஓர் இளைஞர் இரட்டை எழுத்துள்ள காலணா ஒன்றைக் காட்டி, "இது அபூர்வமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். லென்சு வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "எனக்குத் தெரியாது, தம்பி. இதே பிழையோடு இன்னொன்று கிடைத்தால் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்."